குரல், பாட்டு, பெயர்: ராக் இசைக்குழுக்களில் உடன்பிறந்தோர் பங்காளிகளான வரலாறு

முன்னுரை

1973 ஜூலை 14 அன்று கலிஃபோர்னியாவின் பியூனா பார்க்கில், நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் என்னும் கேளிக்கைப் பூங்காவின் மேடையில் எவர்லி சகோதரர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் டான் குடித்திருந்தார். பாட்டு வரிகள் தடுமாறின. தம்பி ஃபில் கையிலிருந்த கிட்டாரை மேடையிலேயே உடைத்துவிட்டு இறங்கிப் போனார். மிச்சக் கச்சேரியை டான் ஒற்றை ஆளாகப் பாடி முடித்தார். அதன் பிறகு ஏறத்தாழப் பத்தாண்டுகள் இருவருக்கும் பேச்சு இல்லை. இடையில் 1975-இல் தந்தையின் இறுதிச் சடங்கு மட்டும் அவர்களை ஓரிடத்தில் நிற்க வைத்தது.

ராக் இசையின் வரலாற்றில் இது முதல் சண்டையும் அல்ல, கடைசிச் சண்டையும் அல்ல. கிங்க்ஸ், கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல், பிளாக் க்ரோஸ், ஒயாசிஸ் என்று பட்டியல் நீள்கிறது. இசைப் பத்திரிகைகள் பெரும்பாலும் இவற்றைக் குணக்கேட்டின் கணக்கில் எழுதிவிடுகின்றன: அண்ணனுக்கு அகந்தை, தம்பிக்குப் பொறாமை, இருவருக்கும் குடி. குணம் மட்டும்தான் காரணம் என்றால் ஒரு கேள்விக்கு விடை கிடைக்காது. ஐம்பதுகளில் குரலுக்காக மூண்ட பிணக்கு அறுபதுகளில் பாட்டுரிமைக்கும், தொண்ணூறுகளுக்குப் பின் குழுவின் பெயருக்கும் ஏன் இடம் மாறியது?

தமிழில் 'பங்காளி' என்றொரு சொல் உண்டு. ஒரு தாத்தாவின் வழிவந்தவர் என்பதும், சொத்தில் பங்கு உள்ளவர் என்பதும் அதில் ஒன்றாகவே அடங்கியிருக்கின்றன. உறவைச் சொல்லும்போதே வழக்கையும் சொல்லிவிடும் சொல் அது. இக்கட்டுரை அந்தச் சொல்லையே அளவுகோலாகக் கொள்கிறது. இசைக்குழுவில் எது சொத்தாகக் கருதப்பட்டதோ அதைச் சுற்றியே உடன்பிறந்தோர் சண்டை நடந்தது; சொத்தின் வடிவம் மாறியபோது சண்டையின் வடிவமும் மாறியது என்பது கருதுகோள். பாடல்களுக்கு ஆசிரியராக யார் பெயர் பதிவானது என்பதும், நீதிமன்ற வழக்குகளும், உடன்பிறந்தோர் தாங்களே சொன்னவையும் எழுதியவையும் சான்றுகள்.

1. குரல் சொத்தாக இருந்த காலம்

எவர்லி சகோதரர்களின் தந்தை ஐக் எவர்லி கென்டக்கியின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியிலிருந்து வந்த கிட்டார் கலைஞர். நாற்பதுகளில் அயோவா மாநிலத்தின் ஷெனன்டோவா என்ற சிற்றூரில் வானொலி நிகழ்ச்சி நடத்தினார். பள்ளிக்குப் போகும் வயதில் பிள்ளைகள் இருவரும் மைக் முன்னால் நின்றுவிட்டார்கள். குடும்பமே குழு, தந்தையே ஆசிரியர், வீட்டுக் கூடமே பயிற்சிக்களம்.

அந்தப் பயிற்சியில் விளைந்ததை அமெரிக்கக் கிராமிய இசை உலகம் 'இரத்த இசைவு' என்று பொருள்படும் சொல்லால் குறித்தது. உடன்பிறந்தோரின் குரல்கள் அயலார் குரல்களைவிட நெருங்கிப் பொருந்தும் என்பது நம்பிக்கை. இதில் மாயம் ஏதுமில்லை. ஒரே வீட்டில் வளர்ந்தவர்களுக்கு உயிரெழுத்தை இழுக்கும் விதம், சொல்லை முடிக்கும் இடம், மூச்சு எடுக்கும் நேரம் எல்லாம் ஒன்றாகவே படிந்திருக்கும். டான் கீழ்க்குரலில் மெட்டைப் பாடுவார். ஃபில் பெரும்பாலும் மூன்று சுரம் மேலே நின்று அதே மெட்டின் போக்கில் கூடவே நடப்பார். ஃபிலின் வரியைத் தனியே எடுத்துக் கேட்டாலும் அது துணைக்குரலாகத் தோன்றாது. தன்னளவில் ஒரு மெட்டாகவே நிற்கும்.

1957-இல் அவர்களைப் புகழுக்குக் கொண்டுவந்த 'பை பை லவ்' அவர்கள் எழுதியது அல்ல. பூட்லோ, ஃபெலிஸ் பிரயன்ட் என்ற கணவன் மனைவி எழுதியது. ஆகவே பாட்டில் பங்கு கேட்கும் பேச்சு தொடக்கத்தில் பெரிதாக எழவில்லை. சகோதரர்களின் கையிலிருந்த சொத்து அந்த இரட்டைக் குரல்தான், அதைப் பாகம் பிரிக்கவே முடியாது. நிலத்தை அளந்து கல் நடலாம். சுரத்துக்கு நடுவே வரப்பு போட முடியாது. பிரிந்த பின் இருவரும் தனித்தனியே பாடிப் பார்த்தார்கள். இரட்டையராகப் பெற்ற வெற்றி எவருக்கும் கிட்டவில்லை. 1983 செப்டம்பரில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் மறுபடி ஒரே மேடை ஏறினார்கள்.

இதே காலத்தின் இன்னொரு முகம் ஹாத்தோர்ன் நகரத்து வில்சன் குடும்பம். பிரயன், டென்னிஸ், கார்ல் மூவரும் ஒரே படுக்கையறையில் உறங்கியவர்கள். மூத்தவர் பிரயன், வலக்காதில் செவித்திறன் அநேகமாக இல்லாதவர், இரவில் தம்பிகளுக்கு ஆளுக்கொரு குரல் வரிசையைச் சொல்லிக்கொடுத்து ஒலிக்க வைப்பார். பீச் பாய்ஸ் குழுவின் கூட்டுக்குரல் அங்கிருந்து வந்தது. தந்தை மர்ரி வில்சன் தாமும் பாட்டெழுதிப் பெரிதாகப் பெயர் பெறாதவர், பிள்ளைகளுக்கு மேனேஜரானார். 1964-இல் பிள்ளைகள் அவரை அந்தப் பொறுப்பிலிருந்து நீக்கினார்கள். ஆனால் பிரயனின் பாடல்களை வெளியிடும் நிறுவனம் அவர் கையில் இருந்தது. 1969-இல் அந்தப் பாடல்களின் உரிமையை 7,00,000 டாலருக்கு விற்றார். பின்னாளில் பல மடங்கு பெறுமானம் கண்ட சொத்து அது.

தந்தையின் பிடி எவ்வளவு இறுகக்கூடும் என்பதற்கு நியூ ஹாம்ப்ஷரின் ஃப்ரீமாண்டில் வாழ்ந்த விக்கின் சகோதரிகள் சாட்சி. 'ஷாக்ஸ்' என்ற அவர்கள் குழு தந்தையின் விருப்பத்தால் பிறந்தது. 1969-இல் ஓர் ஆல்பம் வெளியிட்டது. 1975-இல் தந்தை இறந்ததும் கலைந்தது. தந்தை இருக்கும்வரை கூட்டுக் குடும்பம், அவர் போனபின் பாகப்பிரிவினை என்பது நமக்குப் புதிய கதையா என்ன?

2. பாட்டு சொத்தான காலம்

பீட்டில்ஸின் வெற்றிக்குப் பின் குழுவே தன் பாட்டைத் தான் எழுதவேண்டும் என்பது அறுபதுகளின் நடுவில் எழுதப்படாத விதியாயிற்று. அதோடு பணத்தின் பாதையும் மாறியது. மேடைக் கூலியும் இசைத்தட்டுப் பங்கும் குழுவுக்குப் பொது. பாட்டு எழுதியதற்கான ராயல்டியோ ஆசிரியராகப் பதிவானவருக்கு மட்டும். வேறு யாராவது அதைப் பாடினாலும், வானொலியில் ஒலித்தாலும் பணம் அவர் வீட்டுக்கே போகும். ஒரே வீட்டில் பிறந்து, ஒரே மேடையில் நின்று, ஒரே வேனில் ஊர் ஊராகச் சுற்றிய இருவரில் ஒருவர் மட்டும் பணக்காரராவது இப்போது சாத்தியமாயிற்று.

இதைக் கிட்டத்தில் பார்க்க வடக்கு லண்டனின் மஸ்வெல் ஹில்லுக்குப் போகவேண்டும். ரே டேவிஸ், டேவ் டேவிஸ் இருவரும் ஆறு அக்காள்மாருக்குப் பின் பிறந்த கடைக்குட்டிகள். வீட்டின் முன்னறையில் இருந்த பியானோவில் ரே ஒரு பாட்டின் கருவைக் கண்டார். பதினேழு வயது டேவ், சின்னதொரு பச்சை நிற ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் தாளைச் சவர பிளேடால் கீறிவிட்டார். கீறிய தாள் அதிர்ந்தபோது கிட்டாரின் ஓசை கிழிந்து, கரகரத்து, உறுமியது. 1964-இல் வெளிவந்த 'யூ ரியலி காட் மீ' பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. கேட்டவர்களை நிமிர வைத்தது அந்த உறுமல்தான். ஆனால் இசைத்தட்டில் ஆசிரியர் பெயர் ரே டேவிஸ் மட்டுமே.

இதில் மோசடி இல்லை, அன்றைய நடைமுறை அப்படி. பாட்டு என்பது சொல்லும் மெட்டும்; ஓசையின் நிறம் பாட்டில் சேராது. எழுதியவருக்கு உரிமை உண்டு, கிழித்தவருக்கு இல்லை. 1978-இல் வான் ஹேலன் குழு தன் முதல் ஆல்பத்தில் இதே பாட்டைப் பதிவு செய்தபோதும் ஆசிரியராக அச்சானது ரேயின் பெயர்தான். ரே 1994-இல் ஒரு தன்வரலாற்று நூல் எழுதினார். டேவ் 1996-இல் மற்றொன்று எழுதினார். கிங்க்ஸ் மேடையேறுவதை நிறுத்தியதும் 1996-இல்தான்.

கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவலில் முறையே தலைகீழானது. டாம் ஃபாகர்ட்டி மூத்தவர். ஆரம்பத்தில் முன்னணிப் பாடகரும் அவரே, குழுவுக்கே அவர் பெயர்தான். தம்பி ஜானின் குரலும் பாட்டும் வளர வளர அண்ணன் மைக்கை விட்டுக்கொடுத்துப் பின்னால் தாளக் கிட்டாருக்கு நகர்ந்தார். 1969 ஒரே ஆண்டில் மூன்று ஆல்பங்கள் வந்தன. எழுதியது, பாடியது, தயாரித்தது எல்லாம் ஏறத்தாழ ஜான் ஒருவரே. 1971 தொடக்கத்தில் டாம் விலகினார். மிஞ்சிய மூவரும் அடுத்த ஆல்பத்தில் பாட்டெழுதும் வேலையைத் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டார்கள். 1972-இல் வந்த 'மார்டி க்ரா' எடுபடவில்லை. அதே ஆண்டு குழு முடிந்தது. பங்கைச் சமமாக வெட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்கள் இந்த ஆல்பத்தை நினைவில் வைக்கவேண்டும். உரிமையைப் பங்கிடலாம், திறமையைப் பங்கிட முடியாது.

ஜானுக்கும் இசைத்தட்டு நிறுவனமான ஃபேன்டசிக்கும் நடந்த நீண்ட தகராறில் டாம் நிறுவனத்தின் பக்கம் நின்றார். தன் பழைய பாட்டையே திருடிப் புதுப்பாட்டு எழுதியதாக அந்நிறுவனம் ஜான்மீது வழக்குப் போட, 1988-இல் அவர் சாட்சிக் கூண்டில் கிட்டாரை எடுத்து வாசித்துக் காட்டி வென்றார். 1990-இல் டாம் இறந்தார். மனத்தாங்கல் தீரவில்லை.

பீ ஜீஸ் சகோதரர்களுக்கு இதே பிணக்கு இசைத்தட்டின் இரு பக்கங்களாக வந்தது. 1969-இல் பாரி பாடிய 'ஃபர்ஸ்ட் ஆஃப் மே' முன்பக்கத்துக்கும், ராபின் பாடிய 'லாம்ப்லைட்' பின்பக்கத்துக்கும் போனது. ராபின் குழுவை விட்டே போனார். மறு ஆண்டு திரும்பிவிட்டார்.

பங்கு கேட்பவர் எப்போதும் பங்காளியாகத்தான் இருப்பார் என்றும் இல்லை. பீச் பாய்ஸின் மைக் லவ், வில்சன் சகோதரர்களுக்கு அத்தை மகன். நம் முறைப்படி மச்சான், பங்காளி அல்ல. ஆனால் தாமும் சேர்ந்து எழுதிய பாடல்களில் தம் பெயர் விடுபட்டதாக வழக்குத் தொடுத்து, 1994-இல் 35 பாடல்களில் உரிமை பெற்றவர் அவர்தான்.

3. பங்கைப் பொதுவில் வைத்தவர்கள்

கருதுகோளைச் சோதிக்க, சண்டை மூளாத வீடுகளையும் பார்க்கவேண்டும். கிளாஸ்கோவிலிருந்து 1963-இல் சிட்னிக்குக் குடியேறிய யங் குடும்பத்தில் முதலில் புகழ்பெற்றவர் அண்ணன் ஜார்ஜ். ஈஸிபீட்ஸ் குழுவில் 1966-இல் உலகப் புகழ் பெற்ற பாட்டைத் தந்தவர். தம்பிகள் மால்கமும் ஆங்கஸும் 1973-இல் ஏசி/டிசி தொடங்கியபோது ஈஸிபீட்ஸ் தோழர் ஹாரி வாண்டாவுடன் சேர்ந்து அவர்களின் ஆரம்ப ஆல்பங்களைத் தயாரித்தவரும் அவரே. தையல் இயந்திரத்தில் பார்த்த எழுத்துகளைக் குழுவுக்குப் பெயராகச் சொன்னதும், ஆங்கஸ் பள்ளிச் சீருடை அணியலாம் என்றதும் அக்கா மார்கரெட்.

மேடையில் இரு சகோதரர்களின் இடங்களைக் கவனியுங்கள். ஆங்கஸ் அரைக்கால் சட்டையில் மேடை முழுக்க ஓடுவார். மால்கம் பின்னால், டிரம்ஸுக்குப் பக்கத்தில், ஒரே இடத்தில் நின்று தாளக் கிட்டாரைப் பிடித்துக்கொண்டிருப்பார். குழுவின் முடிவுகளில் கடைசி வார்த்தை பின்னால் நின்றவருடையது. கண்ணுக்குத் தெரிவது ஒருவருக்கு, பிடி இன்னொருவருக்கு. பாட்டில் பெயர் இருவருக்கும். மறதிநோயால் மால்கம் 2014-இல் விலகியபோது அந்த இடத்துக்கு வந்தவர் மற்றோர் அண்ணனின் மகன் ஸ்டீவி யங். 2017-இல் ஜார்ஜும் மால்கமும் ஒரு மாத இடைவெளிக்குள் இறந்தார்கள். 2020-இல் வந்த 'பவர் அப்' ஆல்பத்தின் எல்லாப் பாடல்களிலும் ஆங்கஸின் பெயரோடு மறைந்த அண்ணனின் பெயரும் இருக்கிறது.

வான் ஹேலன் சகோதரர்கள் 1962-இல் நெதர்லாந்திலிருந்து பாசடேனாவுக்கு வந்தவர்கள். தம்பி எடி டிரம்ஸ் வாங்கினார். கடனை அடைக்க வீடுவீடாகப் பத்திரிகை போடப் போனார். அந்நேரத்தில் அண்ணன் அலெக்ஸ் அதில் வாசித்துத் தேறிவிட்டார். எடி டிரம்ஸை அண்ணனுக்கு விட்டுவிட்டுக் கிட்டாரை எடுத்தார். பங்காளிகளுக்கு ஒரே வயலில் ஏர் ஓட்டும் நெருக்கடி அன்றோடு தீர்ந்தது. ஆரம்ப ஆல்பங்களின் சொந்தப் பாடல்களுக்கு நால்வர் பெயரும் போடப்பட்டது. பாடகர்களோடு பலமுறை முறித்துக்கொண்ட குழுதான். சகோதரர்கள் இருவரும் 2020-இல் எடி இறக்கும்வரை பிரியவில்லை.

எதிர்ச்சான்றும் உண்டு. ஸ்காட்லாந்தின் ஈஸ்ட் கில்பிரைடைச் சேர்ந்த ஜிம், வில்லியம் ரீட் சகோதரர்கள், ஜீஸஸ் அண்ட் மேரி செயின் குழுவின் 1985 ஆல்பத்தில் எல்லாப் பாடல்களிலும் இருவர் பெயரையும் சேர்த்தே போட்டார்கள். அப்படியிருந்தும் 1998-இல் லாஸ் ஏஞ்சலஸ் மேடையில் மோதிப் பிரிந்தார்கள். ஆகவே பொதுப் பங்கு சண்டையைத் தடுத்துவிடும் என்று சொல்வதற்கில்லை. ஆனால் அந்தச் சண்டை தீராத வழக்காக நிலைக்கவில்லை. 2007-இல் மறுபடி சேர்ந்தார்கள், புதிய ஆல்பங்களும் வந்தன. கோபம் ஆறிய பின்னும் ஆறாமல் கிடப்பது கணக்குதான்.

4. பெயர் சொத்தான காலம்

தொண்ணூறுகளுக்குள் ராக் இசைக்கு வயதாகிவிட்டது. பழைய பாட்டைக் கேட்க வரும் கூட்டம் பெருகியபோது, குழுவின் பெயரே மூன்றாவது சொத்தாயிற்று. பெயர் இருந்தால் அரங்கு நிறையும். இல்லாவிட்டால் அதே ஆள் அதே பாட்டைச் சிறிய கூடத்தில் பாடவேண்டியதுதான்.

1998-இல் கார்ல் வில்சன் இறந்தார். டென்னிஸ் 1983-இலேயே கடலில் மூழ்கி இறந்துவிட்டார். பீச் பாய்ஸ் என்ற பெயரில் கச்சேரி செய்யும் உரிமம் மைக் லவ்வுக்குப் போனது. அப்பெயரைத் தாமும் பயன்படுத்திய பழைய உறுப்பினர் அல் ஜார்டின்மீது, பெயருக்கு உரிமைகொண்ட நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 2003-இல் மேல்முறையீட்டிலும் நிறுவனமே வென்றது. அந்த நிறுவனத்தின் பெயர் 'பிரதர் ரெக்கார்ட்ஸ்'. பிரதர் என்றால் சகோதரன்.

பிரேசிலின் செபுல்டுரா குழுவில் கதை இன்னும் கசப்பானது. குழுவைத் தொடங்கியவர்கள் மாக்ஸ், இகோர் கவலேரா சகோதரர்கள். மேனேஜராக இருந்த மாக்ஸின் மனைவியை நீக்குவது பற்றிய தகராறில் 1996-இல் மாக்ஸ் வெளியேறினார், இகோர் தங்கினார், பத்தாண்டு பேச்சில்லை. 2006-இல் இகோரும் விலகி, அண்ணனோடு சேர்ந்து புதுக்குழு தொடங்கினார். செபுல்டுரா என்ற பெயரோ கவலேரா ஒருவர்கூட இல்லாமல் தொடர்ந்தது. உறவு மீண்டது, வீடு கைவிட்டுப் போனது.

அமெரிக்காவின் பிளாக் க்ரோஸ் குழு 2015-இல் பிரிந்தபோது, காரணம் குழுவின் உரிமைப் பங்கில் அண்ணன் கிரிஸ் கேட்ட மாற்றம் என்று தம்பி ரிச் ராபின்சன் வெளிப்படையாகவே அறிவித்தார். 2019-இல் இருவரும் மறுபடி சேர்ந்தார்கள்.

மான்செஸ்டரின் பர்னேஜைச் சேர்ந்த காலகர் சகோதரர்களின் கதையில் மூன்று சொத்துகளும் ஒன்றுசேர்கின்றன. 1991-இல் தம்பி லியாம் பாடிக்கொண்டிருந்த குழுவில் அண்ணன் நோயல் வந்து சேர்ந்தார். குரல் தம்பியுடையது, முதல் மூன்று ஆல்பங்களின் பாட்டெல்லாம் அண்ணனுடையது, ஒயாசிஸ் என்ற பெயர் இருவர் நடுவிலும். 1994-இல் ஒரு பத்திரிகைப் பேட்டியில், ஆம்ஸ்டர்டாம் போகும் கப்பலில் சண்டை போட்டுத் திருப்பி அனுப்பப்பட்டது பெருமையா சிறுமையா என்று இருவரும் வாய்ச்சண்டை போட்டார்கள். மறு ஆண்டு அந்த ஒலிநாடாவே இசைத்தட்டாக வெளிவந்து பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் 52-ஆம் இடத்தைப் பிடித்தது. சண்டை வரலாற்றில் இது புதுக்கட்டம். எவர்லி சகோதரர்களுக்குச் சண்டை தொழிலைக் கெடுத்த விபத்து. காலகர்களுக்குச் சண்டையே சரக்கு.

1996 ஆகஸ்டில் நெப்வொர்த்தின் இரண்டு இரவுகளில் 2,50,000 பேர் வந்தார்கள். அதே மாதம் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் லியாம் மேடையேற மறுக்க, நோயல் தாமே பாடினார். லியாம் மாடத்தில் அமர்ந்து கேலிக்குரல் எழுப்பினார். 2009 ஆகஸ்ட் 28 அன்று பாரிஸில், மேடையேறவேண்டிய நேரத்தில் நோயல் விலகினார். மிஞ்சியவர்கள் ஒயாசிஸ் பெயரைத் தொடவில்லை. வேறு பெயரில் குழு அமைத்தார்கள். இந்த ஒன்றுதான் பதினைந்து ஆண்டு கழித்து மறுபடி சேர்வதற்கான கதவைத் திறந்தே வைத்திருந்தது. செபுல்டுராவோடு ஒப்பிட்டால் இது விளங்கும். 2024 ஆகஸ்டில் மறுகூடல் அறிவிப்பு வந்தது. சுமார் 150 பவுண்டு டிக்கெட், வாங்கும்போதே 350-ஐத் தாண்டியதாகக் கிளம்பிய குமுறல் பிரிட்டனின் போட்டி ஒழுங்காணையம் விசாரிக்கும் அளவுக்குப் போனது. 2025 ஜூலை 4 அன்று கார்டிஃப் மேடைக்கு இருவரும் கைகோத்து, கோத்த கையை உயர்த்தியபடி வந்தார்கள்.

5. சகோதரிகள்

சகோதரிகளின் குழுக்கள்மீது வேறொரு சுமை இருந்தது. ஹார்ட் குழுவின் ஆன், நான்சி வில்சன் சகோதரிகளை, ஒருவரையொருவர் காதலிப்பவர்கள் என்று குறிப்பால் உணர்த்தும் விளம்பரத்தை அவர்களின் இசைத்தட்டு நிறுவனமே வெளியிட்டது. அந்தச் சீற்றத்தில் பிறந்தது 1977-இன் 'பாரகுடா'. சகோதரர்களின் சண்டையை விற்ற சந்தை, சகோதரிகளின் நெருக்கத்தையே கொச்சைப்படுத்தி விற்கப் பார்த்தது. 2016-இல் குடும்பத்தில் நேர்ந்த ஒரு சச்சரவால் இவர்களும் விலகினார்கள், 2019-இல் சேர்ந்தார்கள். அங்கே பிணக்கு பாட்டுக் கணக்கில் தொடங்கவில்லை. பங்குக் கோட்பாடு எல்லாவற்றையும் விளக்கிவிடாது என்பதற்கு இதுவும் சான்று.

முடிவுரை

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பது பழமொழி. ராக் இசைக்குழுக்களில் உடன்பிறந்தோர் ஒரே வாயால் பாடுவதுபோல் பாடினார்கள். வயிறு வேறு என்பதைப் பாட்டுரிமையும் பெயருரிமையும் நினைவூட்டின. குடி, புகழ், குணம் எல்லாம் சண்டைக்குத் தீ மூட்டின, மறுப்பதற்கில்லை. அது எத்தனை ஆண்டு எரிந்தது, எங்கே போய் நின்றது என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்தது கணக்கு.

எவர்லி வீட்டுக் கணக்கு கடைசியாகத்தான் முடிந்தது. 1960-இல் முதலிடம் பிடித்த 'கேத்திஸ் க்ளவுன்' பாட்டுக்கு முதலில் இருவர் பெயரும் ஆசிரியராகப் பதிவாகியிருந்தது. 1980-இல், பேச்சற்றிருந்த ஆண்டுகளில், ஃபில் தம் உரிமையை அண்ணனுக்கு விட்டு ஓர் ஆவணத்தில் கையெழுத்திட்டார். 2014-இல் ஃபில் இறந்தார். அவர் வாரிசுகள் பங்கு கேட்க, 2017-இல் டான் வழக்குக்குப் போனார். 2021-இல் டானும் இறந்தார். 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் டான் தரப்புக்கே உரிமை என்று உறுதிசெய்தது. தம்பியின் பங்கை அண்ணன் 1980-லேயே மறுத்துவிட்டார், தம்பி கெடுவுக்குள் வழக்காடவில்லை என்பது தீர்ப்பின் சாரம். வழக்காடிய அண்ணனும் இல்லை, பங்குக்குரிய தம்பியும் இல்லை. சட்டப்படி இனி அந்தப் பாட்டை எழுதியவர் டான் ஒருவரே. இசைத்தட்டைச் சுழலவிட்டால் முதல் வரியிலேயே ஃபிலும் கூட வந்துவிடுகிறார்.